என் முகத்தால் அடைத்த ஜன்னல்

தினமும் காலையில் ஜெராக்ஸ் கடைக்குப் புறப்படும்போது, என் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து நானே எனக்குக் கும்பிடு போடுகிறேன். பட்டு வேட்டி, சந்தனப் பொட்டு, கழுத்தில் கம்ப்யூட்டர்காரன் இலவசமாகப் போட்டுவிட்ட தங்கச் சங்கிலி. கொச்சியில் இந்த மட்டாஞ்சேரிக்கு வந்து இருபத்தொரு வருடத்தில் இந்தத் தெரு எனக்குக் கொடுத்த ஒரே பிரமுகர் அந்தஸ்து இதுதான். இதை மாட்டிய முதல் வாரம், மீன் விற்கும் ஜோசப்பேட்டன் சைக்கிளை நிறுத்தித் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு கேட்டார்.

"அண்ணாச்சீ, மரிச்சது சேட்டனோ, அனியனோ?"

"ரண்டுமில்ல. அது ஞான்தான்."

செத்தது அண்ணனுமில்லை, தம்பியுமில்லை, நானேதான் என்றதும் அவர் என் கால்கள் தரையில் பாவுகின்றனவா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. இந்த ஊரில் ஒருவன் முகம் பூ வளையத்துக்குள் கைகூப்பி நிற்க வேண்டுமானால், அவன் தேர்தலில் நிற்க வேண்டும் அல்லது சாக வேண்டும். நம் சங்கரன்கோவில் பக்கம் தாய்மாமனாக இருந்தாலே போதும். என் தங்கை மகள் சடங்குக்கு அடித்த பிளக்ஸ் அது. விசேஷக்காரி ஒரு மூலையில் தபால்தலை அளவில் இருப்பாள். சீர் கொண்டுவந்த நான் மீதி இடம் முழுக்க இருப்பேன். விசேஷம் முடிந்ததும் பிளக்ஸ்களுக்கு நம் ஊரில் இரண்டாம் பிறவி உண்டு. ஒன்று மாட்டுக்கொட்டகைக்குப் போனது, ஒன்று விறகுக்கு. என்னை நானே சுருட்டிக் கொச்சிக்குக் கொண்டுவந்தேன். இங்கே ஆறு மாதம் மழை. தார்ப்பாய் விலை உங்களுக்குத் தெரியாததல்ல.

ஜூன் மாதத்தில் ஒரு மத்தியானம் காற்று பக்கத்து வீட்டுத் தகரத்தைப் பெயர்த்து எங்கள் ஜன்னலில் அடித்தது. நானும் என் மனைவி செல்வியும் சுள்ளிக்கல்லில் ஒரு கல்யாண வீட்டுக்கு ரவிக்கைகளைக் கொடுக்கப் போயிருந்தோம். திரும்பி வந்தபோது, ஜன்னலடியில் இருந்த அவளது எம்ப்ராய்டரி மெஷினுக்குள் மழை குடிபுகுந்திருந்தது. மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டு, மூடியைத் திரும்ப மாட்டக்கூட இல்லை.

"இன்சூரன்ஸ் இருக்குல்ல?" என்றாள் செல்வி.

இருந்தது. மெஷினுக்குக் கடன் வாங்கியபோது பேங்கில் கையோடு தலையில் கட்டியது. கிடைத்ததையெல்லாம், பஜ்ஜி சுற்றி வந்த தாளைக்கூடப் படிக்கிற நான், அந்தப் பாலிசியை மட்டும் படித்ததில்லை.

"அதுல பணம் வரலன்னா நான் ஊருக்குப் போறேன். அக்கா வீட்டுல மெஷின் சும்மாதான் கெடக்கு. இங்க ஒங்க மூஞ்சியப் பாத்துட்டு ஒக்காந்திருக்க முடியாது" என்றாள். அடுத்த மூச்சிலேயே, "மொதல்ல அந்தச் சில்லையெல்லாம் வெளிய போடுங்க. ஒடஞ்ச கண்ணாடிய வீட்டுல வைப்பாங்களா?"

வைக்க மாட்டோம். பொட்டுக் கண்ணாடியில் கீறல் விழுந்தாலே மறுநாள் தெருவில் வைத்துவிடுகிற வம்சம். ஒரு சில்லு விடாமல் பொறுக்கி, சாக்கில் கட்டிக் கொச்சங்காடிப் பழைய சாமான்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். சட்டத்தைத் துடைத்து, பிளக்ஸை இழுத்து ஆணி அடித்தேன். மழை நின்றது. வாழ்க்கையில் ஒரு வேலையை உருப்படியாகச் செய்துவிட்ட திருப்தியில் சாயா குடித்தேன்.

வீட்டுக்காரர் இக்காவிடம் ஜன்னலைப் பற்றிச் சொன்னேன். "நோக்காம்" என்றார். நம் 'பார்க்கலாம்'தான், இந்த ஒரு விஷயத்தில் இரண்டு மாநிலத்துக்கும் தகராறே இல்லை.

ஒன்பதாம் நாள் இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார். இளைஞர், மரியாதையானவர். புயல் உண்டாக்கிய திறப்பின் வழியாக வந்த மழைக்குத்தான் இழப்பீடு என்பதை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

"பொட்டிய கிளாஸ் எவிடெ, சேட்டா?"

"வெளியே கொடுத்துட்டோம்."

"போட்டோ எடுத்தோ?"

"உடைஞ்ச கண்ணாடியை யாராவது போட்டோ எடுப்பாங்களா, சார்?"

அவர் கீழே இறங்கித் தெருவுக்குப் போய் என் முகத்தைப் போட்டோ எடுத்தார். பிறகு நெருங்கி வந்து அண்ணாந்து பார்த்தார். தமிழ் வாசிக்கத் தெரியாதவர்தான். ஆனால் என் கைகளுக்குக் கீழே சடங்குத் தேதி எண்களில் இருந்தது. மூன்று வருடத்துக்கு முந்தையது.

"இது அன்னு தொட்டு இவிடெ உண்டல்லே?"

இல்லை, அது ஊரில் கட்டியது, சீர் கொண்டுபோனபோது, நான் தாய்மாமன் என்று எனக்குத் தெரிந்த மலையாளம் முழுவதையும் செலவழித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "மனசிலாயி, மனசிலாயி" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

கடிதம் மூன்று வாரத்தில் வந்தது. அதை முழுவதும் படித்தேன். ஜன்னல் நெடுங்காலமாகவே பழுதுபட்டிருந்ததால் இழப்பீடு கிடையாதென்றும், அதற்கு ஆதாரமாகப் புகைப்படம் இணைக்கப்பட்டிருக்கிறதென்றும் கண்டிருந்தது. ஆதாரம் கைகூப்பிக்கொண்டிருந்தது. மறுபடி எழுதிப் போட்டேன். அதே பதில், அதே புகைப்படம்.

செல்வி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நூல்கண்டுகளை நிறம் பிரித்துப் பெட்டியில் அடுக்கி ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினாள். அக்கா வீட்டில் நல்ல வேலை வருகிறதாம். போன் செய்தால் முதல் கேள்வி, "ஜன்னல் போட்டாச்சா?" நான், "நோக்காம்னு சொல்லியிருக்காரு" என்பேன். அவள் சிரிப்பதை நிறுத்திச் சில மாதங்கள் ஆகின்றன.

சாயங்காலம் கடலுக்கு மேல் இறங்குகிற வெயில் பிளக்ஸைத் துளைத்து அறைக்குள் வரும். அப்போது தெருவைப் பார்த்து நிற்கிற என் முகம் இடவலம் மாறி உள்பக்கம் மங்கலாகத் தெரிகிறது. கீழே, மெஷின் மேசை இருந்த இடத்தில் நான்கு கால் தடங்கள். அந்த நேரத்தில் அவன், உள்ளே வரலாமா என்று வெளியே கைகூப்பி நின்று கேட்பவன் போலவே இருக்கிறான். வா என்று சொல்ல, இது என் வீடில்லை.