‘டீச்சருக்குக் காலில் பெலம் இல்லை’

கரமனையில் நான் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்புக்கு ஒரே புகாரோடு ஒரு கார் மூன்றாம் தடவையாக வந்து நின்றது. தொண்ணூறுகளின் கடைசி. ஓட்டி வந்தவர் ஜெயலட்சுமி டீச்சர். வீடு பக்கத்து அக்ரஹாரத்தில், வேலை விழிஞ்ஞத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில். இறங்கியதும் சாவியை மேசையில் போட்டார்.

"பிரேக் பெடல் மறுபடியும் கல்லாட்டம் ஆயிடறது. ரெண்டு தடவை பாத்தாச்சுன்னு சொன்னேளே, என்னத்தைப் பாத்தேள்?"

முதலாளி சசியண்ணன் மலையாளி. எங்களோடு பேசிப் பேசித் தமிழ் பழகியவர். அவர் சிரித்தார்.

"டீச்சரே, வண்டிக்கு ஒரு கொழப்பமும் இல்ல, கேட்டோ. ஸ்திரீகளுக்குக் காலில பெலம் கொறவு. கொஞ்சம் அமர்த்திச் சவிட்டினா மதி." அழுத்தி மிதித்தால் போதுமாம்.

இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. ஏனென்றால் அன்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

முதல் இரண்டு தடவை

முதல் தடவை வந்தபோது பிரேக் பேட் மாற்றினோம். இரண்டாம் தடவை பிரேக் ஆயில் லைனில் புகுந்த ஏரை எடுத்தோம். எடுத்தவன் நானேதான். என்ன மடத்தனம்! லைனில் காற்று புகுந்தால் பெடல் மெத்தென்று உள்ளே போகும், கல்லாகாது. கல்லானால் பூஸ்டர் பக்கம் போக வேண்டும். எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடத்தை, அதாவது வேக்வத்தை, வாங்கி நம் காலுக்குத் துணை கொடுக்கிற டப்பாதான் பூஸ்டர். வேக்வம் வராவிட்டால் முழுப் பாரமும் கால்மேல் விழும்.

பூஸ்டர் டெஸ்ட்டும் செய்தேன், இல்லையென்று சொல்லவில்லை. எஞ்சினை நிறுத்தி நாலைந்து தடவை பெடலை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் பண்ணினால் பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கியது. பிறகு சீட்டைப் பின்னால் தள்ளி என் நீளக் காலை நீட்டிக்கொண்டு ஜங்ஷன் வரை ஒரு ரவுண்டு போனேன். எஞ்சின் சூடாகக்கூட இல்லை. ஜாப் கார்டில் ‘பிரேக் ஓகே’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

மூன்றாம் தடவை

"நீங்க எழுதின ஓகே என்ன பண்ணியிருக்கு தெரியுமா?" என்றார் டீச்சர். "சனிக்கிழமை ஒருத்தர் வண்டியை வாங்க வரார். ஆத்துக்காரர் பேசி முடிச்சுட்டார். மெக்கானிக்கே ஒண்ணுமில்லேன்னுட்டான், உனக்குத்தான் ஓட்டத் தெரியலைங்கறார். நான் சம்பாதிச்சு வாங்கின வண்டி."

எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. "டீச்சர், நீங்களே ஓட்டுங்க. உங்களுக்கு எங்க ஹார்டு ஆவுதோ அங்க போவோம். நான் பக்கத்துல இருக்கேன்" என்றேன்.

"டேய் தாசா, அவங்க ஓட்ட, நீ சும்மா இருக்கவா? ஆளுக சிரிக்கும்டே" என்றார் முதலாளி.

"சிரிக்கட்டும் அண்ணே."

டீச்சர் நன்றாகவே ஓட்டினார். வளைவில் ஹார்ன், முன்னால் பஸ் நின்றால் போதிய இடைவெளி. இவருக்கா ஓட்டத் தெரியாது? விழிஞ்ஞம் போய்ச் சேரும்போது எஞ்சின் நன்றாகச் சூடாகிவிட்டது. துறைமுகத்துக்கு இறங்கும் ரோட்டில் மூன்றாவது தடவை பிரேக்கை மிதித்தபோது டீச்சர் கத்தினார்.

"பாருங்கோ! இப்போ பாருங்கோ!"

முதுகு சீட்டில் அழுந்த, இரண்டு காலாலும் பெடலை மிதித்தார். வண்டி நிற்கவில்லை. முன்னால் மீன்கூடைகளோடு நாலு பெண்கள் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார்கள். நான் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். அவர்களுக்குப் பத்தடி முன்னால் வண்டி நின்றது. அவர்கள் எங்களைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

"எஞ்சினை ஆஃப் பண்ணாதீங்க டீச்சர்!"

இறங்கி பானெட்டைத் திறந்தேன். எஞ்சினிலிருந்து பூஸ்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் நடுவில் சப்பி, ஒட்டிக் கிடந்தது. எஞ்சினை நிறுத்தச் சொன்னேன். ஒரு நிமிஷத்தில் ஒன்றுமே நடக்காதது போல ஹோஸ் உருண்டையாகிவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் நாங்கள் எப்போதும் எஞ்சினை நிறுத்திய பிறகுதான் பானெட்டைத் திறப்போம். பிறகு எப்படிக் கண்ணில் படும்?

அது வேக்வம் ஹோஸே இல்லை. சூடானால் தொளதொளத்து, எஞ்சின் உறிஞ்சும்போது சப்பிப் போகும் சாதாரண வாட்டர் ஹோஸ். அதை மாட்டியவன் யார்? நான். இந்தப் புகார் வருவதற்கு முந்தைய சர்வீஸில் பழைய ஹோஸ் வெடித்திருந்தது, சரியானது ஸ்டாக் இல்லை. "புதுசு வர்றது வரைக்கும் இது கெடக்கட்டே" என்று முதலாளி கொடுத்தார், நானும் மாட்டினேன். புதுசும் வரவில்லை, எங்களுக்கு ஞாபகமும் வரவில்லை.

அங்கேயே டீச்சரிடம் சொல்லிவிட்டேன். நன்றி சொல்வார் என்று ஒரு நப்பாசை இருந்தது.

"என் ரெண்டு குழந்தைகளையும் பின்னாடி உக்கார வச்சுண்டு தினம் இந்த இறக்கத்துல இறங்கியிருக்கேன்" என்றார். "உங்க மன்னிப்பு எனக்கு வேண்டாம். நடந்ததை எழுதிக் குடுங்கோ."

பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு என்னோடு திரும்பினார். வரும்போது நான் ஓட்டினேன், ஊர்ந்து ஊர்ந்து.

முதலாளியிடம் ஹோஸைக் கழற்றிக் காட்டினேன். அதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அந்த அம்மா மூன்று தடவை வாய்வலிக்கச் சொன்னார், காலில் பெலமில்லை என்றோம். நான் ஒரு தடவை சொன்னேன், உடனே சரியாகிவிட்டது.

"கார்டில ஜெனரல் செக்கப்னு எழுது" என்றார்.

நான் இப்படி எழுதினேன்: ‘வேக்வம் ஹோஸுக்குப் பதில் வாட்டர் ஹோஸ் மாட்டப்பட்டிருந்தது. மாட்டியது நம் ஒர்க்‌ஷாப், என் கை. ஓட்டுபவர் சொன்ன புகார் மூன்று தடவையும் சரி.’ முதலாளி ஒரு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பெடல் ஹார்டு என்று ஒருவர் சொன்னால் அவரையே ஓட்டச் சொல்லுங்கள், அவர் சொல்லும் இடத்துக்குப் போங்கள். எஞ்சின் சூடாக ஓடும்போதே அந்த ஹோஸைப் பாருங்கள். சொன்னவர் ஆணா பெண்ணா என்று பார்ப்பது நம் வேலை இல்லை.

அன்றே தம்பானூர் கடையிலிருந்து சரியான ஹோஸ் வாங்கி வந்து மாட்டினேன். டீச்சர் எங்கள் ஆபீஸ் போனில் கணவரைக் கூப்பிட்டார்.

"சனிக்கிழமை அவரை வர வேண்டாம்னு சொல்லிடுங்கோ. வண்டியிலதான் கோளாறு, என் கிட்ட இல்லை... என்னது? மெக்கானிக் வாயால கேக்கணுமா?"

நான் போனுக்குக் கை நீட்டினேன். டீச்சர் தரவில்லை.

"நான் சொல்றேனே, அது போறாதா?" என்று கேட்டு ரிசீவரை வைத்தார்.