அக்காவின் கடைசித் தவணை

வங்கிக் கவுண்டரில் ஒரு நீலப் பேனாவைக் கயிற்றில் கட்டிவைத்திருந்தார்கள். மூடி கிடையாது, உதறி உதறித்தான் மை வரும். மாதம் பிறந்தால் அம்மா என்னை அங்கே கொண்டுபோய் நிறுத்திவிடுவாள். சலானில் பணம் கட்டுபவர் பெயர் என்ற இடம் வந்ததும் தோளுக்குமேல் எட்டிப்பார்ப்பாள். "அக்கா பேர எழுதுடி. அவ கடன அவதான் கட்டணும்." அக்கா இறந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

நர்ஸிங் படிக்க அக்கா வாங்கிய கல்விக் கடன் அது. அம்மாவும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருந்தாள். பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்ததும், "இனிமே நீ ஒரு ரூபா தர வாணாம், நான் பாத்துக்குறேன்" என்று அக்கா ஜம்பமாகச் சொன்னாள். பிறகு கொரோனா வந்தது. வார்டிலேயே அவளுக்கும் தொற்றியது. எரித்துவிட்டோம் என்று போனில்தான் சொன்னார்கள். முகத்தைக்கூட எங்களுக்குக் காட்டவில்லை.

வங்கி மேனேஜர் நல்ல மனிதர். கடனுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது, டெத் சர்டிஃபிகேட் கொடுத்தால் மிச்சமெல்லாம் அடைந்துவிடும் என்று கன்னடமும் தமிழுமாக விளக்கினார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அம்மாவோ எழுந்து வெளியே போய்விட்டாள். எங்கள் ஊர் மாரிகுப்பத்துக்குத் திரும்பி வீட்டுக்குள் நுழைந்ததும் நான் கத்தினேன். விடிவதற்குள் ரயில் ஏறி, கூட்டத்தில் நசுங்கி, பெங்களூர் போய்ச் சம்பாதிப்பவள் நான். செத்தவளுக்கு நான் எதற்குக் கட்ட வேண்டும்? "உனக்கு இன்னா பைத்தியமா?" என்றே கேட்டுவிட்டேன்.

அம்மா அடுப்பைப் பார்த்தபடி பேசினாள். "உங்கப்பா சுரங்கத்துல மாட்டிக்கினப்போ நீ கைக்கொழந்த. மறுநாளே காயிதம் கொண்டாந்தாங்க. போடு போடுன்னு எல்லாரும் சொன்னாங்க. செத்துட்டாருன்னு கையெழுத்து போட்டுட்டேன். அதுக்கப்புறந்தான் பொணத்த மேல எடுத்தாங்க. நான் கையெழுத்து போட்டப்போ அவரு கீழ உசுரோட இருந்தாரோ இன்னாவோ. மொகத்த பாக்காம இன்னொருவாட்டி போட மாட்டேன்."

ஆனாலும் அக்காவின் டெத் சர்டிஃபிகேட்டை வாங்கிப் பிளாஸ்டிக் கவரில் போட்டு என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். இந்த மாதம் அதைக் கவுண்டரில் நீட்டிவிடலாம், அடுத்த மாதம் நீட்டிவிடலாம் என்று எரிச்சலோடுதான் அவள் பெயரை எழுதிவந்தேன். ஒருநாள் எழுதியதைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது என் எழுத்தே இல்லை. அக்காதான் எழுத்துகளைச் சாய்த்து எழுதுவாள், கடைசி எழுத்தை இழுத்து அடியில் ஒரு கோடு போடுவாள். அம்மா அந்த மை காயாத பெயரைத் தொட்டுப் பார்த்து, "வந்துட்டா பாரு" என்றாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். அன்று ராத்திரி என் வலது கையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தேன்.

போன வருஷம் அம்மா போய்ச்சேர்ந்தாள். அவள் முகத்தை நானே துடைத்தேன், பார்க்க வேண்டிய அளவுக்குப் பார்த்தேன். அவள் இறந்ததற்கான காகிதங்களில் கையெழுத்துப் போட்டேன். இனி என்னைத் தடுக்க யாரும் இல்லை. அக்காவின் சர்டிஃபிகேட்டை அன்றைக்கே நீட்டியிருக்கலாம். ஆனால் ஒவ்வொரு மாதமும் தவணைதான் கட்டினேன்.

போன வாரம் கடைசித் தவணை. கவுண்டரில் புதுப் பையன். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "ஒரு மாசம்கூட தப்பல மேடம்" என்றான். கணக்கை முடிக்கும் காகிதத்தை என் பக்கம் தள்ளினான். "கடன் வாங்குன பார்ட்டி கையெழுத்து வேணும். நீங்கதானே இவங்க?"

தோளில் கைப்பை தொங்கியது, அதற்குள் சர்டிஃபிகேட் இருந்தது. "ஆமா, நான்தான்" என்றேன். பேனாவை மாற்றியிருந்தார்கள், கயிறு பழையது. அன்றைக்கு உதறவே வேண்டியிருக்கவில்லை. பெயர் சாய்ந்து விழுந்தது, கடைசி எழுத்து தானாக நீண்டது, அடியில் கோடும் விழுந்தது. பையன் காகிதத்தை இழுத்துக்கொண்ட பிறகும் நான் பேனாவைக் கீழே வைக்கவில்லை. அடுத்த மாதம் அவள் பெயரை எழுத எனக்கு இடமே இல்லை.