பெத்தாய் மரத்துக்கு நடந்த விசாரணை

எழுபதுகளின் கடைசியில் எனக்கும் என் கூட்டாளிக்கும் பத்தொன்பது வயது. மூளையைத் தவிர மற்றதெல்லாம் வளர்ந்திருந்தது. நான் தேயிலை பேக்டரியில் இலை வாட்டும் மாடியில் வேலை பார்த்தேன். அவன் எஸ்டேட் குமாஸ்தாவான கிராணியின் மகன், ஐந்தாம் படிவத்தோடு பள்ளிப்படிப்பை முடித்தவன். அந்த ஒரு சர்ட்டிபிகேட்டை வைத்துக்கொண்டு உலகத்துக்கே தீர்ப்புச் சொல்வான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரிங்லெட்டுக்குக் கீழே, தாப்பா ரோட்டை ஒட்டிய காட்டில், அவரை போல நீளமாய்த் தொங்கும் பெத்தாய்க் காய் பறிக்கப் போனோம். மரம் ஏறச் சோம்பல். கோடாலியால் மரத்தையே வெட்டிச் சாய்த்துவிட்டு, காய்களை மட்டும் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தோம். அவ்வளவு கேவலமான வேலையை அவ்வளவு உற்சாகமாகச் செய்ய எங்களைவிட்டால் ஆள் கிடையாது.

மறுவாரம், அந்தப் பக்கத்துக் காட்டுப் பழங்குடிகளான ஓராங் அஸ்லி மக்களின் ஊரிலிருந்து ஒருவர் எஸ்டேட்டுக்கு வந்தார். மரம் தங்கள் ஊர்ப் பெண்ணுடையது, ஊர்கூடிப் பேசப்போகிறோம், நீங்களும் வரவேண்டும் என்று மலாயில் பணிவாகச் சொன்னார்.

அவர் போனதும் கூட்டாளி விழுந்து விழுந்து சிரித்தான். "சக்காய் கோர்ட்டுடா! சும்மா போய்ப் பாக்கலாம்லா, படத்துக்குப் போற மாதிரி."

அந்த மக்களை நாங்கள் அந்த வசைச்சொல்லால்தான் அழைத்தோம். வேறு சொல் தெரிந்துகொள்ள முயன்றதில்லை.

கோர்ட் என்றால் கறுப்பு அங்கி, சுத்தியல், கூண்டு. சினிமா எங்களுக்குக் கொடுத்த சட்ட அறிவு அவ்வளவுதான். அங்கே ஒரு மூங்கில் வீட்டில் ஊரே பாயில் உட்கார்ந்திருந்தது. ஊர்த்தலைவரான பாத்தின் பழைய பனியனில் இருந்தார்.

"ஜட்ஜுக்குச் சட்டை வாங்க காசில்லயாடா?" என்று கூட்டாளி என் காதில் சொன்னான். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

மரத்துக்காரப் பெண் மதியம்வரை பேசினாள். மாமனார் நட்டது, எந்தப் பிள்ளைக்கு எந்தக் கிளை என்று சொன்னது, எல்லாம். குரல் உயரவில்லை. யாரும் குறுக்கிடவில்லை. எங்களுக்காகவும் ஒரு கிழவர் பேசினார்: "வெளியாட்கள். தெரிந்திருக்காது."

பிறகு பாத்தின் எங்களைக் கேட்டார். "காட்டு மரம்தானே? காட்டுக்கு ஏது சொந்தக்காரன்?" என்றான் கூட்டாளி. சண்டைக்கு வருவார்கள் என்று எதிர்பார்த்தான். யாரும் வரவில்லை. அவன் மேலே பேசட்டும் என்று காத்திருந்தார்கள். அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

அபராதமாக ஒரு பாராங் வெட்டுக்கத்தி, ஒரு சாரோங் துணி கொடுங்கள் என்று பாத்தின் முடித்தார். கூட்டாளி எழுந்துவிட்டான். "போலீஸ் இல்ல, பேப்பர் இல்ல. எவன் வந்து வாங்குவான்? வாடா!" மோட்டார் சைக்கிளில் அவன் பின்னால் உட்கார்ந்து நான் போட்ட சிரிப்பு, கோழையின் சிரிப்பு.

யாரும் வந்து கேட்கவில்லை. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் அடித்தது. நியாயம் உறைத்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். பொய். ஏதாவது சூனியம் வைத்துவிடுவார்களோ என்ற பயம். சில வாரம் கழித்துக் கத்தியும் துணியுமாகத் தனியாகப் போனேன்.

கொடுத்துவிட்டு ஓடிவிடலாம் என்று நினைத்தேன். பாத்தின் வாங்கவில்லை. மறுபடியும் எல்லோரையும் கூட்டினார். "சொல்ல ஏதாவது பாக்கி இருக்கிறதா?" என்று கேட்டார். கத்தியையும் துணியையும் பாயில் வைத்தேன். கடைசியில் சொன்னேன்: "மரத்தடியில் புல் செதுக்கியிருந்தது. யாரோ வளர்க்கும் மரம் என்று தெரியும். தெரிந்தேதான் வெட்டினோம்."

அந்தப் பெண் தலையாட்டினாள். பாத்தின் துணியை அவளிடம் கொடுத்தார், உண்மையைச் சொன்னதற்குக் கழிவு என்று கத்தியை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "முடிந்தது. இனி இவரை யாரும் இதைச் சொல்லிக் குத்திக்காட்டக்கூடாது" என்று தன் ஊராரைப் பார்த்துச் சொன்னார்.

எண்பதுகளில் கூட்டாளியும் கிராணியானான். தொழிலாளர் லயத்துச் சண்டைகள் அவன் மேசைக்கு வரும். வேலித் தகராறில் இரண்டு தாய்மார் அழுதுகொண்டு நிற்பார்கள். தலையைத் தூக்காமலே, "முடிஞ்சிருச்சி, போங்க" என்பான். ஒரு ஆளை ஒரு வாக்கியம் முழுசாகப் பேசவிட்டதில்லை.

சாயங்காலம் கிளப்பில், காட்டுக் கோர்ட்டை நடித்துக் காட்டுவான். நான் சாரோங்கைத் தூக்கிக்கொண்டு போனதும் அவன் காதுக்கு எட்டி, அதில் ஒரு கட்டமாகியிருந்தது. வாலிபப் பையன்கள் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்கள். ஒருவனும் அந்த ஊர்ப்பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. நான் அப்போது அவனுக்குக் கீழே வேலை பார்த்தேன். நானும் சிரிப்பேன், கொஞ்சம் சத்தமாகவே.