சகாயம் அண்ணன் நின்ற பக்கம்

வியாழக்கிழமை மதியம் என் கணவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். "சகாயம் அண்ணன் போயிட்டாரு புள்ள. பென்னாகரம் பஸ் ஸ்டாண்டுல நெஞ்சப் புடிச்சிட்டு உக்காந்தாராம், அவ்ளோதான்." மடியில் குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது. எனக்கு முதலில் அழுகை வரவில்லை. "அப்ப அந்த அண்டாவ இனி யாருங்க பாப்பாங்க?" என்றுதான் கேட்டேன். ஆலையில் அவரோடு வேலை பார்த்து, இந்த அஞ்சலியைப் படிக்கும் உங்களுக்கு அந்தக் கேள்வி விகாரமாகப் படாது.

நம் மாம்பழக்கூழ் ஆலையில் உலோகவியல் படித்தவர் அவர் ஒருவர்தான். சோதனைக்கூடத்தில் இருந்த என்னை 'லேப் அம்மா' என்பார். ஊரே பித்தளையைப் போட்டுவிட்டு எவர்சில்வர் வாங்கும் இந்நாளில் அவர் வீட்டில் மட்டும் பித்தளைக் குடம். "எவர்சில்வர்னு பேரு வெச்சவன நான் ஒருநா பாக்கணுங்க. அந்தப் பேரக் கேட்டே எல்லாரும் தூங்கறாங்க" என்று சிரிப்பார்.

சென்ற ஆண்டு கூழ் காய்ச்சும் பெரிய எவர்சில்வர் அண்டாவின் அடியில் விரிசல் கண்டது. இரட்டைச் சுவர் அண்டா. சுவர்களுக்கு நடுவே நீராவி அழுத்தத்தோடு நிற்கும். அந்த ஆவியைத் திறந்துவிடுவது என் கணவரின் வேலை. அண்ணன் விடுப்பில் இருந்தபோது ஃபோர்மேன் மாதையன் அடிப்பகுதியைக் கழற்றி, வெல்டிங் வைத்து, சிவக்கக் காய்ச்சி, உமிச் சாம்பலில் புதைத்து ஆறவிட்டார். திரும்பி வந்த அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"தண்ணியில முக்கினா அருவா மாதிரி வெறச்சு வெடிச்சிருமேன்னு பயந்தேன் சார். கொழந்தையத் தூங்க வெக்கற மாதிரி பதமா ஆற வெச்சேன்" என்றார் மாதையன்.

"அதாங்க தப்பு. இரும்புக்குச் செய்யற மரியாதைய இதுக்குச் செஞ்சிட்டீங்க. நல்லா காய்ச்சி இதத் தண்ணியில எறக்கினா வெறைக்காது, எளகும். தூங்க வெச்சாத்தான் கெட்டுப்போகும்."

வேதியியல் படித்த எனக்கே அது தலைகீழாகப் பட்டது. அவர் விளக்கினார். கற்கண்டைப் போல உலோகமும் சின்னச் சின்ன மணிகள் ஒட்டியதுதான். மெல்ல ஆறும்போது உள்ளிருக்கும் கரி, குரோமியத்தை இழுத்துக்கொண்டு மணிகளின் ஓரத்தில் ஒதுங்கிவிடும். ஓரத்தை ஒட்டிய இடத்தில் துருவைத் தடுக்கும் குரோமியம் குறைந்துபோகும். மாம்பழப் புளிப்பும் கழுவும் அமிலமும் அந்தக் கோடு வழியே இறங்கும். மேலே பளபளப்பு மாறவே மாறாது.

சாம்பலில் ஆறிய ஓரத்திலிருந்து இரண்டு துண்டு வெட்டினோம். ஒன்றை மட்டும் ஆரஞ்சு நிறம் வரக் காய்ச்சித் தண்ணீரில் போட்டார். பிறகு மணிகளின் ஓரம் அரிக்கிறதா என்று பார்க்க, இரண்டையும் மயில்துத்தம் கரைத்த கந்தக அமிலத்தில் கொதிக்கவைத்தேன். தண்ணீர் கண்டது தட்டினால் கணீரென்றது, கொக்கியாக வளைந்தது. மற்றது மண் ஓடு போலச் சத்தம் செத்திருந்தது. வளைத்தபோது வாய் பிளந்தது. "பாத்துக்கங்க லேப் அம்மா, உங்க வூட்டுக்காரரு இதும்மேலதான் ஆவி தொறக்கறாரு" என்றார்.

முழு அடிப்பகுதியையும் அப்படிக் காய்ச்சித் தண்ணீரில் இறக்க, சேலத்துப் பெரிய உலைக்கு அனுப்பச் சொல்லி முதலாளியிடம் போனார். "சீசன் முடியட்டும் சகாயம். கண்ணாடி கணக்கா மின்னுது, அதப் போயி..." என்றார் முதலாளி. அதே அடியை மாட்டி ஓட்டினார்கள். சீசன் முடிந்தது, உலை மறந்துபோயிற்று.

அந்த சீசன் முழுக்க ஆவி திறக்கும் வேளையில் அண்ணன் வெல்டிங் பக்கம் தானே நின்று, மரச்சுத்தியால் தட்டிக் காதைக் கொடுப்பார். என் கணவரை எதிர்ப்பக்கம் விரட்டுவார். "தள்ளி நில்லுப்பா, கொழந்தக்காரன்."

"வெடிச்சா ரெண்டு பேருக்கும் ஒரே சங்குதான் அண்ணா."

"எனக்கு ஏதுப்பா சங்கு? கோயில் மணிதான் அடிப்பாங்க."

அவர் ஊரான இண்டூரில் தேவாலய மணி அடித்துவிட்டது. மண் போட்ட கையைக் கழுவுவதற்குள் முதலாளி என் கணவரிடம், "திங்கக்கெழம சீசன் தொடங்குது. சகாயம் நின்ன பக்கத்தையும் நீயே பாத்துக்கோ" என்றாராம்.

பளபளப்பை நம்பாத அந்தப் பயம்தான் அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது. என் கணவருக்குக் காய்ச்சல் என்று ஆலைக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். உடம்பு சுடவில்லை, முதலாளி இதைப் படித்தாலும் சரி. அந்த அடிப்பகுதி உலையில் காய்ந்து தண்ணீரில் இறங்கித் திரும்பும்வரை இந்தக் காய்ச்சல் விடாது. மாதையன் அண்ணா, நீங்களும் அந்தப் பக்கம் நிற்காதீர்கள்.