விசயதசமியில் தொலைந்த ஓராண்டு

பம்பாயில் மழையும் பள்ளிக்கூடமும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் பிறப்பன. வைகாசி முடியுமுன் தாராவியின் தகரக் கூரைகள்மேல் வானம் இறங்கும். அதற்கு நாலைந்து நாள் முன்னோ பின்னோ பள்ளிகளின் கதவுகள் திறக்கும். ஆகவே கோமதியம்மாளுக்கு ஆண்டு என்பது சித்திரையில் தொடங்குவதன்று. சோற்றைக் குழைத்துப் பசை கிண்டி, பழுப்புத் தாளைக் கத்தரித்து, பிள்ளைகளின் புத்தகங்களுக்கு அட்டை போட உட்காரும் நாளில் தொடங்குவது.

அவள் வீட்டில் படிப்போர் இருவர்; புத்தகக் கட்டோ ஒன்று. மூத்தவன் நயினாருக்குப் பதினான்கு வயது, இளையவள் பூமாரிக்குப் பதின்மூன்று. ஆயினும் ஏழாண்டுகளாக இருவரும் ஒரே வகுப்பில் இருந்தார்கள். நகரசபைப் பள்ளியில் ஆண்பிள்ளைகள் ஒரு பக்கமும் பெண்பிள்ளைகள் மறுபக்கமும் அமர்வார்கள். இருக்கும் ஒரு புத்தகத்தை இருவரும் பார்க்கவேண்டுமே என்று நயினார் தன் வரிசையின் கடைசியிலும் பூமாரி தன் வரிசையின் முதலிலும் இடம்பிடித்து, நடுவே புத்தகத்தை விரித்துக்கொள்வார்கள். அதனால் நயினாருக்கு வகுப்பில் ஒரு பெயர் வாய்த்தது. 'தங்கச்சிப் புஸ்தகம்' என்பது அது. ஏழாண்டில் ஆசிரியர்கள் மாறினார்கள், பெயர் மாறவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பதாம் ஆண்டு சூன் முதல் வாரத்தில் அவள் அட்டை போட்டுக்கொண்டிருந்தவை எட்டாம் வகுப்புப் புத்தகங்கள். அடுத்த அறைச் சேசம்மாளின் மகள் ரோஸி படித்து முடித்துக் கொடுத்தவை. நகரசபைப் பள்ளியில் ஏழோடு சரி. இனி மாதுங்காப் பக்கத்து உயர்நிலைப் பள்ளிக்குத்தான் நடந்துபோக வேண்டும். பூமாரி பெயர்ச்சீட்டுகளில் எழுதத் தொடங்கியிருந்தாள்.

"அதுல என் பேரை எழுதாத" என்றான் நயினார், வாசற்படியில் மழையைப் பார்த்தபடி.

"ஏன்ல?" என்றாள் தாய்.

"நான் வரலைம்மா. ஏழு வருசம் அவ பக்கத்துல உக்காந்து எட்டிப் பாத்தது போதும். அங்கயும் நம்ம பயலுவதான் வாரானுவ. முத நாளே அந்தப் பேரைச் சொல்லிருவானுவ. நான் அப்பா கூடப் பட்டறைக்குப் போறேன்."

"நான் என்ன எட்டிப் பாக்காதன்னா சொன்னேன்?" என்றாள் பூமாரி. "நான் பக்கம் திருப்புறதுக்குள்ள நீதான் தூங்கிப் போவ."

"பாத்தியாம்மா? இதுதான் சொல்லுதேன்."

மாலையில் கணவர் பூலோகம் வந்தார். அவர் ரயில் பட்டறையில் பிட்டர். கையெண்ணெய் போகக் கழுவுவதற்கே கால்மணி நேரம் எடுத்துக்கொள்பவர். மகன் சொன்னதைக் கழுவிக்கொண்டே கேட்டார். துண்டால் துடைத்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

"பட்டறையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். பய படிக்கட்டும். ரெண்டு பேரும் ஒரே வகுப்புல இருந்தாத்தானே வம்பு? பொட்டப்பிள்ளைக்கு ஏழு போதும். நிறுத்திருவோம்."

அவர் குரலில் கடுமையில்லை. அடைத்துக்கொண்ட குழாயில் எந்தத் திருகைக் கழற்றுவதென்று பார்த்துச் சொல்பவரின் குரல் அது. பூமாரி பசைக் கிண்ணத்தின் ஓரத்தில் காய்ந்ததை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். சுரண்டி முடித்த பின்னும் சுரண்டினாள்.

கோமதியம்மாள் அதைப் பார்த்தாள். அவள் எளிதில் கலங்குபவளல்லள். பம்பாய்க்கு வந்த பதினைந்தாண்டில் இரண்டு முறை வீட்டினுள் முழங்கால் நீர் நின்றபோதும், அரிசிப்பானையை எங்கே தூக்கி வைப்பது என்பதைத்தான் முதலில் எண்ணினாள். இப்போதும் அவ்வாறே எண்ணிப் பார்த்தாள். மகள் முந்திக்கொண்டு ஓடவில்லை. மகன் பிந்தித் தங்கவுமில்லை. இருவரையும் ஒரே வரிசையில் கொண்டு நிறுத்தியவள் ஒருத்தி. அவள் யாரென்பது அந்த அறையில் பிள்ளைகளைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

அது நிகழ்ந்தது எட்டாண்டுக்கு முன், அறுபத்தொன்றாம் ஆண்டில்.

அவ்வாண்டு சூன் மாதம் சேசம்மாள் தன் ரோஸியைப் பள்ளியில் சேர்க்கப் புறப்பட்டவள், "மதினி, நயினாரையும் கூட்டிக்கிட்டு வாங்க, ஒரேயடியாச் சேத்துருவோம்" என்று அழைத்தாள். கோமதியம்மாள் மறுத்துவிட்டாள். தலைப்பிள்ளையை ஆனி மாதத்தில் யாராவது எழுத்துக்கு வைப்பார்களா? அவள் பிறந்த ஊரில் நவராத்திரி முடிந்து, ஏடடுக்கிக் கலைமகளுக்குப் பூசையிட்டு, மறுநாள் விசயதசமியன்று பிள்ளையைப் பள்ளியில் விடுவார்கள். அன்று ஆசிரியர்கள் அதற்கென்றே பள்ளியைத் திறந்து, காலையிலேயே குளித்து வந்து காத்திருப்பார்கள். பூலோகமும் அவ்வூர்ப் பக்கத்தவரே. அதுதானே முறை என்றார்.

ஐப்பசி பிறந்தது, விசயதசமியும் வந்தது. கோமதியம்மாள் தாம்பாளத்தில் தேங்காய், பழம், வெற்றிலை, பொரிகடலை, பரப்பிய பச்சரிசி எல்லாம் எடுத்துவைத்து, நயினாருக்குப் புதுச்சட்டை அணிவித்து, திருநீறிட்டு அழைத்துச்சென்றாள். பள்ளியின் இரும்புக்கதவில் செண்டுமல்லி மாலை தொங்கியது. மாலைக்குப் பின்னால் பூட்டும் தொங்கியது.

காவற்காரர் ஒரு மராத்தியர். முக்காலியில் அமர்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். "ஆஜ் தசரா ஹை, பாயி. சுட்டி!" என்றார். அவள் ஊரில் பள்ளிகள் திறக்கும் திருநாளில் இந்நகரத்தில் பள்ளிகள் மூடும் என்பதை அவள் அறிந்தது அக்கணத்தில்தான். கொண்டுவந்த தேங்காயைத் திருப்பிக் கொண்டுபோவது நன்றன்று. கதவுப்படியிலேயே உடைத்தாள். அங்கேயே குந்தி, தாம்பாளத்து அரிசியில் மகனின் விரலைப் பிடித்து 'அ' எழுதுவித்தாள். ஒரு மூடியைக் காவற்காரருக்குக் கொடுத்தாள். அவர் மகிழ்ந்து, அந்நாட்டு வழக்கப்படி இரு மடலாகப் பிளந்த ஆத்தியிலை ஒன்றை நயினாரின் கையில் வைத்து, "சோனா லோ, பேட்டா" என்றார். பொன் வாங்கிக்கொள் என்பது பொருள். சோழவேந்தர் சூடிய ஆத்தியின் இலைதான் அது. பள்ளியில் சேர்க்க உதவவில்லை.

விடுமுறை கழிந்து மீண்டும் போனபோது தலைமையாசிரியர், சேர்க்கை சூன் மாதத்தோடு முடிந்ததென்றும் அடுத்த சூனில் வரவேண்டுமென்றும் சொன்னார். அடுத்த சூனில் பூமாரிக்கும் வயதாகிவிட்டது. இருவரையும் ஒரே நாளில் ஒரே வகுப்பில் விட்டாள்.

மகன் மூன்றாம் வகுப்பில் இருக்கையில் ஒருநாள், "நான் ஏம்மா அவகூடப் படிக்கேன்?" என்று கேட்டான். "ஒனக்கு அந்த வருசம் அம்மை போட்டிருந்துதுலே" என்றாள். அம்மை போட்டது உண்மை. மாசியில் வந்து பதினைந்து நாளில் இறங்கிப்போனது. அந்தப் பதினைந்து நாளை அவள் ஓராண்டாக நீட்டினாள். தெய்வத்தின் பெயரால் சொன்ன பொய்யாதலால் ஒவ்வோர் ஆடியிலும் மாரியம்மனுக்குக் கூழூற்றும்போது ஒரு செம்பு கூடுதலாக ஊற்றி வந்தாள். மகனுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

தீர்ப்பு வந்த மறுநாள், தண்ணீர்க் குழாயடியில் சேசம்மாள் செய்தியைக் கேட்டாள்.

"ஏன் மதினி, நீங்க தாம்பாளத்தைத் தூக்கிக்கிட்டுப் பூட்டுக்குப் பூசை பண்ணிட்டு வருவீக, அதுக்குப் பூமாரி வீட்டுல உக்காரணுமா?"

"மெதுவாப் பேசு. அவன் அந்தால நிக்கான்."

"நிக்கட்டுமே. அஞ்சு வருசமா அம்மை அம்மைன்னு சொல்லுதீக. ஒடம்புல ஒரு தழும்பு இல்ல. எங்க மாதா கோயில்ல இருந்தா இதுக்குப் பாவசங்கீர்த்தனம் பண்ணச் சொல்லிருப்பாக."

"எங்க கோயில்ல கூழு ஊத்துனாப் போதும்" என்றாள் கோமதியம்மாள். குடம் நிறைந்தது. இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். ஆனால் வழியில் ஒருமுறை நின்று, குடத்தை மற்ற இடுப்புக்கு மாற்றினாள். அது அவள் வழக்கமன்று.

சேர்க்கை நாளன்று பூலோகம் வேலைக்குப் போய்விட்டார். மகனை மட்டும் அழைத்துப்போக வேண்டும் என்பது ஏற்பாடு. கோமதியம்மாள், "நீயும் வா, குடை பிடிக்க ஆள் வேணும்" என்று பூமாரியையும் கிளப்பினாள். இருவருடைய ஏழாம் வகுப்புச் சான்றுகளும் அவள் மடியில் மெழுகுத்துணிக்குள் இருந்தன. நயினார் இரண்டு முழம் பின்னால் நனைந்துகொண்டே வந்தான். தந்தைக்கு அஞ்சி வந்தானேயன்றி மனம் மாறி வரவில்லை.

சேர்க்கை மேசையில் கணேசபாண்டியன் என்னும் ஆசிரியர் இருந்தார். இரு சான்றுகளையும் பக்கம்பக்கமாக வைத்துப் பார்த்தார்.

"ரெட்டைப் பிள்ளையளாம்மா?"

"இல்லைய்யா. ஒரு வயசு வித்தியாசம்."

"அப்பம் பையன் ஒரு வருசம் பெயிலா?"

நயினார் தன் நனைந்த கால்விரல்களைப் பார்த்தான். பின்னால் வரிசையில் நின்ற பழைய வகுப்புப் பையன் ஒருவன் களுக்கென்று சிரித்தான். கோமதியம்மாளின் நாவில் 'அம்மை' என்ற சொல் எழுந்து வந்துவிட்டது. ஆசிரியரின் பேனா, பதிவேட்டின் கட்டமொன்றின் மேல் காத்திருந்தது. வாயால் சொன்ன பொய்க்குக் கூழூற்றலாம். ஏட்டில் ஏறும் பொய்க்கு என்ன ஊற்றுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"பெயில் இல்லைய்யா. அவன் ஒரு வகுப்புலயும் பெயிலாகலை. தப்பு என்னுது" என்று தொடங்கி, மாலை தொங்கிய கதவு, பூட்டு, தேங்காய், ஆத்தியிலை எல்லாவற்றையும் சொன்னாள். ஏற்றமும் இறக்கமும் இல்லாமல், சந்தையில் வாங்கிய காய்களை வரிசையாகச் சொல்வதுபோலச் சொன்னாள்.

கணேசபாண்டியன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "விசயதசமிக்கா! இந்த ஊர்ல அன்னைக்குப் பள்ளிக்கூடத்துக்குக் காக்கா கூட வராதேம்மா. எனக்குப் பாளையங்கோட்டை. எங்க அய்யா என்னையும் அன்னைக்குத்தான் கொண்டு விட்டாவ. நாங்களும் இங்கன வந்திருந்தா பூட்டுக்குத்தான் தேங்கா ஒடைச்சிருப்போம்."

நயினார் நிமிர்ந்திருந்தான். "அம்மை போட்டுச்சுன்னு சொன்னியேம்மா?"

"பதினஞ்சு நாள்தான் போட்டுச்சு."

"அப்பம் மிச்ச வருசம்?"

"மிச்சம் என்னால போனது."

அவன் தாயையே பார்த்தான். சினந்தானா என்பது முகத்தில் தெரியவில்லை. பிறகு பின்னால் திரும்பி, சிரித்தவனிடம், "கேட்டியால? பெயில் இல்ல" என்றான்.

கோமதியம்மாள் மேசைமேல் குனிந்தாள். "ஐயா, எட்டாம் வகுப்பு எத்தனை இருக்கு?"

"ரெண்டு. ஒண்ணு காலை ஷிப்ட். ஏழுல இருந்து பன்னெண்டு. இன்னொண்ணு பன்னெண்டரைக்கு."

"ஆளுக்கு ஒண்ணாப் போட்டுருங்க."

"போடலாம். ரெண்டு பேருக்கும் புஸ்தகம் இருக்கா?"

"ஒரு கட்டு இருக்கு. அவ படிச்சிட்டு வாசல்ல குடுப்பா, இவன் வாங்கிக்கிட்டு உள்ள போவான்."

ஆசிரியர் நயினாரைப் பார்த்தார். "ஒனக்கு எதுப்பா வேணும்?"

பட்டறை என்று சொல்ல அதுவே இடம். நனைந்த சட்டை நுனியைப் பிழிந்தான். பிறகு, "மத்தியானம் சார். காலையில எந்திரிக்க முடியாது" என்றான். பூமாரி வாயைத் திறந்தாள்; தாய் அவள் காலை மிதித்தாள்; மூடிக்கொண்டாள்.

மாலையில் பூலோகம் கையைக் கழுவிக்கொண்டிருக்கையில் கோமதியம்மாள் சொன்னாள்: "ரெண்டு பேரையும் சேத்துட்டேன்."

"நான் ஒருத்தனைத்தானே சொன்னேன்?"

"ஒரே வகுப்புல இருந்தாத்தான் வம்புன்னீங்க. இப்பம் வேற வேற வகுப்பு."

அவர் அதை ஒருமுறை மனத்தில் திருகிப் பார்த்தார். "காலையில இவ போயிட்டா தண்ணிக்கு யாரு நிப்பா?"

"நான் நிக்கேன்" என்றான் நயினார்.

"பொம்பளைய வரிசையிலயா?" என்று வியந்தாள் பூமாரி.

"ஏழு வருசம் ஒங்கூட உக்காந்தவனுக்கு அது பெருசா? போடி."

பூலோகம் துண்டைக் கொடியில் போட்டார். வேறொன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாதது அவ்வீட்டில் சம்மதமென்றே கொள்ளப்படும்.

பள்ளி திறந்த முதல்நாள் நண்பகலில் கோமதியம்மாள் கதவோரத்தில் ஒரு தகரப் பந்தலின்கீழ் நின்றாள். ஏற்பாடு நடக்கிறதா என்று ஒருநாள் பார்த்துவிட்டால் போதும் அவளுக்கு. மணி அடித்தது. காலைப் பிள்ளைகள் வெளியே வர, மத்தியானப் பிள்ளைகள் உள்ளே நுழைய, கதவில் நெரிசல். பூமாரி பையைத் தலைக்குமேல் தூக்கிப்பிடித்து வந்தாள்.

"அண்ணே, இங்க! சரித்திரத்துல நாலாம் பக்கம் மடிச்சு வச்சிருக்கேன், பிரிச்சிராத. வாத்தியாருக்குக் காது மந்தம், சத்தமா 'ஆஜர்' சொல்லு."

அவன் பையையும் குடையையும் வாங்கிக்கொண்டான். அவனோடு புதிதாகச் சேர்ந்த, செம்பூரிலிருந்து வரும் பையன் ஒருவன், "யாருடா அது?" என்று கேட்டான். பழைய வகுப்புப் பயல்கள் இருவர் அருகிலேயே நின்றார்கள். கோமதியம்மாள் பந்தலின்கீழ் அசையாமல் காத்திருந்தாள்.

"என் தங்கச்சி" என்றான் நயினார். "காலை ஷிப்ட். இது எங்க புஸ்தகம்."

உள்ளே போய்விட்டான். கோமதியம்மாள் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, குடையில்லாமல் நின்ற மகளையும் அதனுள் இழுத்துக்கொண்டாள். ஒரு மணிக்குக் குழாயில் இரண்டாம் தடவை தண்ணீர் வரும். இருவரும் விரைந்து நடந்தார்கள்.