தனித்தனி இருக்கை

அன்று இருந்தவர்கள்: காது மந்தமான தையற்காரர். ரயில் நிலையத்தில் கூட்டிப் பெருக்கி ஓய்வு பெற்றவர். பேப்பர் விற்கும் அக்கா. லோரி ஓட்டி ஓய்வு பெற்ற நான். பிறகு, தெருவைப் புதுப்பிக்கும் வேலைக்காக வரைபட அட்டையோடு வந்த ஓர் இளம்பெண்.

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் தெருவை அப்போது தோண்டிப் போட்டிருந்தார்கள். எதிரே புதுக் கட்டடம் ஏறிக்கொண்டிருந்தது. நாங்கள் வழக்கம்போல அக்கா கடையோரம் பால் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு, முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தோம். எனக்கு வீட்டில் யாரும் இல்லை. பேச்சு என்றால் அந்தச் சாயங்காலம்தான்.

அந்தப் பெண் வியர்த்து வழிந்தபடி அட்டையை விரித்தாள்.

"அங்கிள், இனிமே இங்க பெட்டி போட முடியாது. உட்கார சீட்டு வைக்கப் போறோம். இது எதிரெதிரா உட்கார்ற பெஞ்சு. இது தனித்தனி, ரோட்டைப் பார்த்து. உங்களுக்கு எது வேணும்?"

ஒருவரை ஒருவர் பார்த்தோம். தேடி வந்து கேட்கிற பிள்ளையிடம் இது வேண்டும், அது வேண்டாம் என்பது எங்களுக்கு வராது.

"எதுவா இருந்தாலும் ஓகே லா," என்றார் ரயில்காரர்.

"எதுவும் சரிம்மா," என்றேன் நான்.

அக்கா என்னைக் காட்டினார். "இவருக்குத் தனியாவே வைம்மா. பக்கத்துல உட்கார்ந்தா என் வடையையும் சேர்த்துத் தின்னுடுறாரு."

"என்னவாம்?" என்றார் தையற்காரர்.

"சீட்டு போடுறாங்களாம்!" அவர் காதருகே கத்தினேன்.

"நல்லது, நல்லது."

அவளுக்கு ஒரு கிளாஸ் சூடான தே வாங்கிக் கொடுத்தோம். குடித்தாள். எதையோ குறித்துக்கொண்டு போனாள்.

வேலை முடிந்தது. நடைபாதை சமமானது. மஞ்சள் ஓடு பதித்தார்கள். இருக்கைகளும் வந்தன. தனித்தனி. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு பெரிய செடித்தொட்டி. எல்லாம் தரையோடு முடுக்கியவை. நகராது.

நான் பேசுவது தையற்காரருக்குக் கேட்கவில்லை. கத்தினால் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கொஞ்ச நாள் சும்மா தலையாட்டினார். பிறகு வரவில்லை. அக்காவுக்கு ரயில் நிலையத்தின் அந்தப் பக்கம் புதுக் கடை கொடுத்துவிட்டார்கள். ரயில்காரர் கிள்ளானில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார்.

"இங்க உட்கார்ந்து ரோட்டுல போற வர்ற காடியத்தானே பார்க்கிறோம்," என்றார் போகும்போது. "அதை அங்கயும் பார்க்கலாம்."

நான் மட்டும் போய் உட்காருகிறேன். எதிரே கட்டடம் முழுக்கக் கண்ணாடி. மேகம் போவது அதில் தெரியும்.

ஒரு நாள் அந்தப் பெண் வந்தாள். படம் எடுக்க.

"அங்கிள், சீட்டு நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கும்மா."

"மத்தவங்க எங்க?"

"இருக்காங்க."

"அப்படியே உட்காருங்க அங்கிள். ஆள் இல்லாம படம் நல்லா இருக்காது."

சாலையைத் தாண்டிப் போய், கட்டடத்து வாசலில் நின்று எடுத்தாள். திரும்பி வந்து படத்தைக் காட்டினாள்.

இருக்கை எட்டு. ஆள் ஒன்று.