கடலை ஒளித்து ஊர் காட்டிய இரண்டு நாள்

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் தொழிலில் சமையலுக்கும் துவைப்பதற்கும்கூட ஒரு முடிவு நேரம் உண்டு. விருந்தாளிக்கு ஊர் காட்டும் வேலைக்குத்தான் கிடையாது. சனி, ஞாயிறு வந்தால் எங்கிருந்தாவது ஒரு கூட்டம் கல்முனைக்கு வந்து இறங்கும். அடுப்பை அணைத்த கையோடு நாம் வழிகாட்டியாக வேண்டும். உங்களுக்கும் தெரிந்த பாடுதானே.

ஆனால் போன மாதம் வந்த சுலைஹா சும்மா ஊர் பார்க்க வரவில்லை. அவர் மாத்தளைக்காரர். கணவர் இல்லை, ஒரே மகன். மாத்தளைக்குப் போய் வீடு பார்த்து, அந்த மகனுக்குத்தான் என் மகள் ஷிபாவைப் பேசியிருந்தோம். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். தன் பிள்ளை வாழப்போகும் ஊரை இரண்டு நாள் பார்த்துவிட்டுத்தான் சம்மதம் சொல்வேன் என்று சுலைஹா சொல்லியனுப்பியிருந்தார். கூடவே இன்னொரு செய்தியும் வந்தது. சுனாமியைத் தொலைக்காட்சியில் பார்த்த நாளிலிருந்து அவருக்குக் கடலென்றால் நடுக்கம்.

எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் இரண்டே இரண்டு ஒழுங்கை, சின்னத் தெருக்கள். நான் கொன்வென்டில் படித்தவள். பொய் சொல்லாதே என்று சிஸ்டர்மார் அடித்துப் படிப்பித்தார்கள். சுற்றுப்பாதையில் கூட்டிப்போகாதே என்று யாரும் படிப்பிக்கவில்லை.

வயல்வழிப் பயணம்

மகன் வேலை செய்யும் அம்பாறைக்கு அவர் பஸ்ஸில் வந்திருந்தார். சனி காலை அங்கிருந்து வேனில் ஏற்றிக்கொண்டோம். காரைதீவுப் பக்கமாக வந்தால் கடல் எட்டிப்பார்த்துவிடும் என்று, வண்டியை நாவிதன்வெளிப் பக்கம் திருப்பச் சொன்னேன். வீட்டுக்காரர் என்னை ஒருமுறை பார்த்தார், திருப்பினார்.

குறை சொல்ல முடியாத வழி அது. கண் போகும் தூரம் கதிர் தள்ளப்போகும் குடலைப் பருவத்து நெற்பயிர், வாய்க்கால் ஓரம் கொக்கு. வழியில் எருமைத் தயிர்ச் சட்டி ஒன்றை வாங்கினோம். சட்டியைச் சரித்தாலும் அசையாத தயிர். சுலைஹா பாதிச் சட்டியை வேனிலேயே முடித்தார். நான் வென்றுவிட்டேன் என்றிருந்த நேரத்தில் கரண்டியை நக்கிவிட்டு, மெதுவாகக் கேட்டார்: "வயலும் தயிரும் எங்கடையிலயும் ஈக்கி, தாத்தா." அவர்கள் பக்கத்தில் அக்காவைத் தாத்தா என்பார்கள், இருக்கு என்பதை ஈக்கி என்பார்கள். "மகன் அனுப்பின படத்துல கடல் ஈந்திச்சே, அத எங்க வச்சிருக்கீங்க?"

மருதமுனைத் தறி

கேள்விக்குப் பதில் சொல்லாமல் நேரே மருதமுனைக்குக் கூட்டிப்போனேன். தறிச் சத்தத்தில் அலைச் சத்தம் கேட்காது என்பதும் என் திட்டத்தில் இருந்தது.

அந்த வீட்டில் ஏழு தறிகள் ஒரே கூரைக்குக் கீழே அடித்துக்கொண்டிருந்தன. வீட்டுக்காரி ஜெஸீமா எங்களுக்குச் சேலை விரித்துக் காட்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், "மூணாந் தறியில இழை அறுந்திட்டு" என்றாள். போய்ப் பார்த்தால் அறுந்துதான் இருந்தது. ஏழு தறியின் இரைச்சலில் ஒரு நூல் அறுவது இவளுக்குக் கேட்கிறது. என் வீட்டில் பால் பொங்கி வழிவது நாலு பேருக்குக் கேட்பதில்லை. சுலைஹா அவளை வாய் திறந்து பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மகனுக்கு மயில்நீலத்தில் இடுப்பில் உடுக்கும் சாறன் ஒன்றை எடுத்து, விரலிடையே தேய்த்துத் தேய்த்து, சாயம் போகுமா என்று கேட்டார். நான் இடையில் விழுவதற்குள் ஜெஸீமா முந்திக்கொண்டாள்: "உப்புத் தண்ணிக்கே அசையாது ராத்தா. நம்பாட்டி கடலில முக்கிப் பாத்திட்டு வாங்க, இஞ்சால பக்கத்திலதான் கிடக்கு."

மூடிய ஜன்னல்களுக்குள் விருந்து

பகல் சாப்பாட்டுக்கு வீட்டின் கிழக்குப் பக்க ஜன்னல்கள் எல்லாவற்றையும் சாத்தினேன். புழுக்கத்தில் மின்விசிறி வெந்நீர் ஊற்றுவது மாதிரிச் சுற்றியது. மேசையில் மாங்காய் போட்டுத் தேங்காய்ப் பாலில் வெள்ளையாகக் காய்ச்சிய மீன் பாலாணம், கணவாய்ப் பிரட்டல், நண்டுக் கறி, இறால் பொரியல், மொறுமொறுவென்று கீரி மீன். நான் பத்து நிமிடத்தில் சாப்பாட்டை முடிப்பவள். சுலைஹா ஒவ்வொரு முள்ளாக எடுத்துத் தட்டோரம் அடுக்கி, ஒன்றரை மணித்தியாலம் சாப்பிட்டார். ஒரு வார்த்தை கதைக்கவில்லை. நண்டை மட்டும் மூன்றாம் தரம் போட்டுக்கொண்டார்.

ஏதோ பிடிக்கவில்லையோ என்ற பதற்றத்தில் குசினிக்குள் அடுப்படிக்குப் போனேன். கல்யாணம் குழம்பினால் ஷிபாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது? அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது, சொல்லத்தான் வெட்கம். வீட்டுக்காரர் பின்னாலேயே வந்தார், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கடல ஒளிச்சு வச்சிட்டு, அதுக்குள்ள இரிக்கிற முழுத்தையும் மேசையில பரப்பி வச்சிரிக்காய். நல்ல மூளைதான் உனக்கு."

ஞாயிறு விடிகாலை

சுபஹு தொழுதுவிட்டுப் பார்த்தால் சுலைஹாவின் கட்டில் வெறுமையாக இருந்தது. படலை திறந்து கிடந்தது. செருப்பும் போடாமல் ஓடினேன்.

கடற்கரையில் தோணி ஒன்றின் ஓரத்தில் சுலைஹா மணலில் உட்கார்ந்திருந்தார். முன்னால் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வரிசை ஆட்கள் கயிற்றோடு பின்னால் பின்னால் நடக்க, வலையின் மடி கரையேறியது. உள்ளே கீரி மீன் வெள்ளியாகத் துள்ளியது. நான் பிறந்ததிலிருந்து பார்ப்பது. அன்றைக்கும் நின்று பார்த்தேன்.

"உட்காருங்க தாத்தா" என்றார். "தலகாணில காது வச்சாலே கடல் இரையுது, அதான் நேர பாத்துருவோம் எண்டு வந்தேன். சுனாமி வந்த அந்த நாள் நீங்க எங்க ஈந்தீங்க?"

எனக்கு நீட்டிக் கதைக்கப் பொறுமை இல்லை. ஆனாலும் சொன்னேன். ஷிபாவை இடுப்பில் வைத்துக்கொண்டு மேற்கே ஓடியது. யாரோ உழவு மெசினில் ஏற்றி சொறிக்கல்முனைக்குக் கொண்டுபோனது. அங்கே ஒரு தமிழ்க் குடும்பம் பிள்ளைக்குப் பால் கொடுத்து, எனக்கு உடுப்பும் தந்தது. மூன்றாம் நாள் வீட்டுக்காரர் தேடி வந்தது. திரும்பியபோது எங்கள் வளவில் கிணற்றுக்கட்டு மட்டும் மிஞ்சியிருந்தது.

"பொறகும் ஏன் இங்கயே கட்டினீங்க?"

"எங்கட ஆக்களப் பொதைச்ச கபுறும் இஞ்ச, இரிக்கிற ஆக்களும் இஞ்ச. எனக்கும் பயம்தான். பயத்தோட இரிக்கப் பழகிட்டன். உங்களுக்கு ஏலாதெண்டா இப்பவே சொல்லுங்க, கோவிக்க மாட்டன்."

கடைசி வார்த்தை சுத்தப் பொய். சிஸ்டர்மார் மன்னிக்கட்டும். சுலைஹா முந்தானையில் ஒட்டிய மணலைத் தட்டினார். சிரிக்கிறார் என்று தெரியவே எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. "நீங்க மாத்தளைக்கு எங்கட ஊடு பாக்க வந்த நேரம் நான் பின்கதவத் தொறக்கவே இல்ல, கவனிச்சீங்களா? தொறந்தா அப்படியே மல. மழ பேஞ்சா மண் சரிஞ்சு வருமோ எண்டு நான் கண் மூடுறல்ல. பொண்ணுட உம்மா பயந்து போயிருவாங்க எண்டுதான் பூட்டி வச்சேன்."

வேனில் ஏறும்போது

அன்று மத்தியானம் ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. அவர் நண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். புறப்படும்போது ஷிபாவின் கன்னத்தைத் தடவி, தன் கைக் காப்பைக் கழற்றி அவள் கையில் போட்டார். சம்மதம் என்ற சொல்லை அவர் சொல்லவே இல்லை. வேனில் ஏறி உட்கார்ந்த பிறகு, "மகன அனுப்புறேன். மழ மாசம் மூணுலயும் நானும் இங்க வந்துருவேன். கடல் சரியில்லாட்டி நீங்க எல்லாரும் அங்க வந்துருங்க" என்றார். மழையும் கடல் கொந்தளிப்பதும் எங்களுக்கும் அதே மாதங்களில்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். வீட்டுக்காரர் என் காதருகே குனிந்தார்: "வாய வச்சுக்கொண்டு சும்மா இரு புள்ள. நிக்காஹ் முடியட்டும்."

மகளைக் கட்டிக்கொடுத்தால் ஊர் காட்டும் வேலையிலிருந்து கொஞ்சம் ஓய்வு கிடைக்கும் என்றிருந்தேன். வருடத்தில் மூன்று மாதம் தங்கும் விருந்தாளியை நானே வேன் பிடித்துப் போய்க் கூட்டிவந்திருக்கிறேன், அந்த மூன்று மாதத்தையும் இப்போதே எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன்.